கழிப்பறைக்குப் போகப் பயப்படும் குழந்தை

கேள்வி: இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து மாலை வரை சிறுநீரை அடக்கிக்கொள்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான நான், புதிதாகக் கட்டவிருக்கும் கழிப்பறையில் எவற்றை வலியுறுத்த வேண்டும்?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அதோடு, ஆறு வயதுக் குழந்தை துணையின்றிப் பயன்படுத்தும்படியும் அது அமைய வேண்டும்.

முதலில் கதவைக் கவனியுங்கள். பெரியவர்களின் தோள் உயரத்தில் இறுக்கமான தாழ்ப்பாளைப் பொருத்திவிட்டால், கை எட்டாத குழந்தை கதவைத் திறந்துவைத்தபடியே கூச்சத்துடன் உட்காரும். அல்லது எப்படியோ எக்கிப் பூட்டிவிட்டு, திறக்கத் தெரியாமல் உள்ளே அழும். குழந்தையின் மார்பளவில், எளிதில் நகர்வதும், அவசரத்தில் ஆசிரியர் வெளியிலிருந்து திறக்கக்கூடியதுமான தாழ்ப்பாளைக் கேளுங்கள். கதவு வெளிப்புறமாகத் திறப்பது நல்லது. உள்ளே ஒரு குழந்தை மயங்கி விழுந்தாலும் கதவு அடைபடாது.

பெரியவர்களுக்கான பீங்கானில் காலை அகட்டி உட்காரும்போது விழுந்துவிடுவோமோ என்ற அச்சமே பல பிள்ளைகளை விரட்டுகிறது. சிறிய பீங்கான், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, வழுக்காத தரை, பகலில் விளக்கின்றியே போதுமான வெளிச்சம் ஆகியவை அவசியம். குழாய் உட்கார்ந்த நிலையில் எட்ட வேண்டும்.

செப்டிக் டேங்க் மூடியில் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் பள்ளிக் குழந்தை ஒன்று அத்தகைய தொட்டிக்குள் விழுந்து உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. துருப்பிடிக்கும் தகரம் வேண்டாம். கனமான கான்கிரீட் மூடியும், தொட்டியைச் சுற்றி வேலியும் வேண்டும். தினமும் சுத்தம் செய்பவருக்கான ஊதியத்தையும் இப்போதே குழுவின் தீர்மானத்தில் எழுதச் செய்யுங்கள்.