படுத்த பிறகும் ஓயாத கந்தோர்

கேள்வி: யாழ் நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாத இலக்கு, மேலதிகாரியின் ஏச்சு, இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப்பில் வரும் செய்திகள். படுத்தாலும் நித்திரை வருவதில்லை. "கதைப் புத்தகம் வாசி, மனம் ஆறும்" என்கிறார் அக்கா. பள்ளிக்கூடக் காலத்தில் சாப்பாட்டையும் மறந்து வாசித்தவள் நான். இப்போது இரண்டு பக்கம் தாண்ட முடியவில்லை. வாசிப்பு உண்மையில் உதவுமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அன்புத் தங்கச்சி, உதவும். படுத்த பிறகும் உங்களை விடாமல் துரத்துவது மனதுக்குள் ஓடும் பேச்சு. அவர் அப்படிச் சொன்னாரே, நான் இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று அது திரும்பத் திரும்ப ஓடும். கதையும் அதே இடத்தில்தான் ஒலிக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பது மனதுக்குக் கஷ்டம்.

அதனால் வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் ஒரே வரியில் நாலு தரம் போய்வருவீர்கள், நினைப்பு கந்தோரில் நிற்கும். நாக்கும் காதும் சேர்ந்தால் அது நழுவ இடம் குறைவு. அம்மா புட்டு அவிக்கும்போது குசினி வாசலில் இருந்து ஒரு சிறுகதையை வாசித்துக் காட்டுங்கள். "பேந்து என்ன நடந்தது?" என்று அம்மா கேட்டால் அடுத்த பக்கம் தானாகப் புரளும்.

இரண்டு பக்கத்தோடு நின்றாலும் பரவாயில்லை. நாள் முழுக்கக் கணக்கையும் குறுஞ்செய்தியையும் பார்த்த கண்ணுக்கு நீண்ட பந்தி பழக நாள் எடுக்கும். நாவல் பிறகு பார்க்கலாம். முன்னேற வழி சொல்லும் புத்தகங்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். அவை உங்களை மறுபடி இலக்குக்குள்தான் இழுத்துப் போகும்.

யாழ் பொது நூலகத்தில் அங்கத்துவம் எடுங்கள். 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்து, மீண்டும் எழுந்த நூலகம் அது. நம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நம்மில் பலர் உள்ளே போவதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற தனி இணையத்தளத்திலும் ஈழத்து நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் போனில் வாசித்தால் வட்ஸ்அப்பும் கூடவே வரும். உங்களுக்கு இப்போது தாள்தான் நல்லது.

இரவுச் செய்திகளைப் பற்றி மேலதிகாரியோடு நேரே கதைக்கத்தான் வேண்டும். அந்த அலுவலைப் புத்தகம் செய்யாது. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை வராமல், சாப்பாடும் இறங்காமல் இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். தமிழிலேயே கதைக்கலாம்.