கேளுங்கள், சொல்கிறேன்: திரையில் வராததை எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 மாணவர்களுக்கு வருணனைக் கட்டுரை சொல்லிக்கொடுக்கக் கல்விக் காணொளிகளைப் போட்டுக் காட்டுகிறேன். கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். எழுதச் சொன்னால் எல்லாத் தாளிலும் 'மக்கள் வெள்ளம் அலைமோதியது, விழா கோலாகலமாக நடந்தது' என்றே வருகிறது. என்ன செய்யலாம்?
– தமிழாசிரியை, பட்டர்வொர்த்

பதில்: டீச்சர், எந்தக் காணொளி என்று எழுதவில்லையே. பின்னணியில் ஒருவர் கணீர்க் குரலில் விளக்கிக்கொண்டே போகிறார் என்றால், மாணவர்கள் அந்தக் குரலைத்தான் எழுதுவார்கள். வருணிக்கிற வேலையை அவரே முடித்துவிட்டார். பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்?

பேச்சில்லாத காட்சியாகத் தேடுங்கள். ஒரு நிமிடம் போதும். தைப்பூசத்துக்கு முதல் நாள் நம் பினாங்கில் வெள்ளி இரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பதை ஆளாளுக்குப் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை எடுங்கள். முதலில் புரொஜெக்டரை ஓர் அட்டையால் மறைத்துவிட்டு ஓசையை மட்டும் கேட்க விடுங்கள். 'சத்தம் கேட்டது' என்று எழுதுகிறவனிடம், தேங்காய் தாரில் மோதும்போது எப்படி, ஓடு சிதறி உருளும்போது எப்படி என்று துருவுங்கள். மனப்பாடம் செய்து வைத்திருக்கும் இரட்டைக்கிளவிகளுக்கு அப்போதுதான் வேலை வரும்.

அப்புறம் ஓசையை அணைத்துவிட்டுப் படத்தை மெதுவாக ஓட்டுங்கள். யூடியூபில் வேகத்தை 0.25 வரை குறைக்கலாம். ஓரிடத்தில் நிறுத்துங்கள். கூட்டம் வேண்டாம், ஒரே ஓர் ஆள். தலைக்கு மேல் தேங்காயைத் தூக்கியவரின் முழங்கை, மடித்துக் கட்டிய வேட்டி, நனைந்த கணுக்கால். அவரைப் பற்றி மூன்றே வாக்கியம். 'அழகு', 'கோலாகலம்', 'அலைமோதல்' மூன்றுக்கும் தடை. (அந்த 'அலைமோதியது' மேல் எனக்குத் தனிப் பகையே உண்டு. ஒரு கட்டுத் தாள் திருத்தினால் கட்டு முழுக்கக் கடல்தான்.) திணறுவார்கள். திணறட்டும்.

காணொளி கண்ணுக்கும் காதுக்கும்தான் தீனி போடும். மூக்குக்கும் தோலுக்கும் அதில் ஒன்றுமில்லை. ஆகவே கடைசிப் பத்தியில் திரையில் வராததை எழுதச் சொல்லுங்கள்: வெயிலில் கிடந்த தேங்காயின் புளித்த வாடை, வெறுங்காலில் குத்திய ஓட்டுச் சில்லு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏறிய பிறகு தொடை நடுங்கியது. போய் வந்த பிள்ளைகள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். போகாதவர்கள் அவர்களைக் கேட்டு எழுதட்டும். கட்டுரை அங்கேதான் ஆளுக்கு ஆள் மாறத் தொடங்கும்.

கேள்வி: என் மகன் படிவம் 1. அவனே கைப்பேசியில் காணொளி எடுத்து அதைப் பார்த்துக் கட்டுரை எழுதலாமா?
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

பதில்: தாராளமாக எடுக்கட்டும். ஆனால் பார்த்து எழுத வேண்டாம். சௌராஸ்டா சந்தையில் மீன் கடையை அரை நிமிடம் எடுத்துக்கொண்டு வரட்டும், வீட்டுக்கு வந்ததும் நினைவிலிருந்து எழுதட்டும். எழுதி முடித்த பிறகு காணொளியைப் போட்டு, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். அடுத்த முறை எதைக் கவனிக்க வேண்டும் என்று அந்த மையே காட்டிவிடும். மீன்காரரிடம் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், அம்மா. அவர் பேரத்தில் மும்முரமாக இருக்கும்போது மட்டும் வேண்டாம்.