எட்டு மைக், எட்டு ட்ராக்: கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கம் கல்யாண மேளம், பட்டிமன்றம், ஆச்சிமார் பாடும் தாலாட்டு இவற்றைப் பதிவு செய்கிறவர்கள் கேட்டவை இவை. எல்லாம் பல ட்ராக்கில், அதாவது ஒரு மைக்குக்கு ஒரு தனிப் பதிவாக, எடுத்ததை அடுக்குவது, வெட்டுவது, காப்பாற்றுவது பற்றித்தான். பதில்கள் ரீப்பர், ஆடாசிட்டி என்ற இரண்டு ஒலிப்பதிவு சாஃப்ட்வேரை வைத்துச் சொன்னவை. கேட்டவரை ஊர்ப் பேரால் குறித்திருக்கிறது.

காரைக்குடி: அண்ணே, கல்யாண வீட்டில் எட்டு மைக் வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் எந்த ட்ராக் எது என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றாக சோலோ போட்டு, அதாவது அதை மட்டும் ஒலிக்கவிட்டுத்தான் கண்டுபிடிக்கிறேன்.

பதில்: ரெக்கார்ட் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் பேர் வை, தம்பி. ரீப்பரில் பதிவாகும் வேவ் (ஒலி) கோப்பு ட்ராக்கின் பேரையும் எண்ணையும் எடுத்துக்கொள்ளும். பேரில்லாத ட்ராக்கில் எடுத்தால் கோப்பில் வெறும் எண்ணும் தேதியும்தான் இருக்கும். பிறகு ட்ராக்கின் பேரை மாற்றினாலும் டிஸ்கில் கிடக்கும் கோப்பின் பேர் மாறாது. ஆறு மாதம் கழித்து ப்ராஜெக்ட் கெட்டுப்போய் வேவ் மட்டும் மிஞ்சினால் கதி அதோகதி.

"தவில்" என்று மட்டும் எழுதினால் போதாது. "தவில் வலந்தலை", "தவில் தொப்பி" என்று மைக் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் எழுது. வரிசை: நாதஸ்வரம் இரண்டு, சுருதி பிடிக்கும் ஒத்து, தாளம், தவில் இரண்டு பக்கம், கடைசியில் முற்றத்தில் வைத்த ஸ்டீரியோ ஜோடியின் இடது வலது. எட்டும் சரியாகப் போச்சு. பிறகு தவில் இரண்டுக்கும் மேலே ஒரு காலி ட்ராக் போட்டு அதன் ஃபோல்டர் குறியைத் தட்டு. கீழே உள்ளவை அதற்குள் போகும். தொப்பியில் அதே குறியை மாற்றி ஃபோல்டரை மூடு. மூட மறந்தால் அடுத்து வரும் முற்றத்து மைக்கும் தவில் ஃபோல்டருக்குள் நுழைந்துவிடும். தவிலைக் குறைத்தால் முற்றத்துச் சத்தமும் சேர்ந்து குறையும். சரியாக மூடினால் மொத்தத் தவிலின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்க ஒரே ஃபேடர்.

நிறமும் கொடு. எந்த நிறம் என்பது உன் பாடு, எல்லாக் கல்யாணத்துக்கும் ஒன்றாக இருந்தால் சரி. எல்லாம் முடிந்ததும் இந்த அடுக்கை ட்ராக் டெம்ப்ளேட்டாகச் சேமித்து வை. அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டு நிமிஷ வேலை.

தேவகோட்டை: தவிலுக்கு இரண்டு மைக். தனித்தனியாகக் கேட்டால் கனமாக இருக்கிறது, சேர்த்தால் சப்பென்று ஆகிறது. ஈக்யூ போட்டு கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைத்தும் சரிவரவில்லை.

பதில்: ஈக்யூவைக் கழற்றுங்கள். வலந்தலையில் அடி விழும்போது அந்தத் தோல் தன் மைக்கை விட்டு உள்ளே போகிறது. எதிர்ப்பக்கத் தோல் தன் மைக்கை நோக்கி வெளியே தள்ளப்படுகிறது. ஒன்றில் அலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்குகிறது, இரண்டும் ஒன்றை ஒன்று தின்கின்றன. ஒரு ட்ராக்கில் மட்டும், அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அழுத்திக் கேளுங்கள், எந்த நிலையில் அடிச்சத்தம் கனமோ அதை வையுங்கள்.

கானாடுகாத்தான்: எங்கள் ஆச்சி பாடிய தாலாட்டு ஒரே நீள ரெக்கார்டிங்காக ஃபோனில் இருக்கிறது. பாட்டுப் பாட்டாகப் பிரிக்க வேண்டும்.

பதில்: முதலில் அந்த ஃபோன் கோப்பை அப்படியே இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள் அம்மா. அசலில் கை வைக்கவே கூடாது. ஆடாசிட்டியில் ஓடவிட்டு, ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது கன்ட்ரோல்+எம் அழுத்துங்கள். லேபிள் ஒன்று விழும், அதில் பாட்டின் முதல் அடியைத் தட்டச்சு செய்யுங்கள். கடைசியில் லேபிள்படி பல கோப்புகளாக எக்ஸ்போர்ட் கொடுத்தால் முதல் அடியே கோப்பின் பேராக வரும். பாட்டுக்கு நடுவில் ஆச்சி பேசும் விளக்கத்தை வெட்டாதீர்கள். அதற்கும் தனி லேபிள் போடுங்கள்.

பள்ளத்தூர்: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

பதில்: ஃபோல்டர் வேண்டும் என்றால் ரீப்பர், பணம் செலவழிக்க வேண்டாம் என்றால் ஆடாசிட்டி.

புதுக்கோட்டை: கச்சேரி நடுவில் கரண்ட் போன நாலு நிமிஷத்தை வெட்டினேன். அதற்குப் பிறகு கஞ்சிரா முந்துகிறது.

பதில்: ஒரு ட்ராக்கில் மட்டும் வெட்டி இழுத்திருக்கிறீர்கள். ரீப்பரில், வெட்டிய இடத்தை மூட மிச்சத்தை முன்னால் இழுக்கும் ரிப்பிள் பட்டனுக்கு மூன்று நிலை: இல்லை, அந்த ட்ராக் மட்டும், எல்லா ட்ராக்கும். உங்களுடையது நடு நிலையில் நின்றிருக்கும். அன்டூ பண்ணி மூன்றாம் நிலைக்குக் கொண்டுபோங்கள். நேரத்தைத் தேர்ந்து, எல்லாக் கிளிப்பையும் (திரையில் தெரியும் ஒலித்துண்டு) தேர்ந்து, ஷிஃப்ட்+எஸ் அழுத்தித் துண்டாக்கி, பிறகு டெலீட். ஆடாசிட்டியில் வெட்டுவதற்கு முன், எல்லா ட்ராக்கையும் சேர்ந்தே நகரவைக்கும் சிங்க்-லாக்கைப் போடுங்கள். வெட்டி முடித்ததும் ரிப்பிளை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்துவிட்டு ஒரு இருமலை அழித்தால் மிச்சக் கச்சேரி முழுக்க இடம் மாறும்.

கோட்டையூர்: நான் ஒவ்வொரு ட்ராக்கிலும் வாசிக்காத இடத்தை வெட்டி எறிந்துவிடுவேன். ப்ராஜெக்ட் சுத்தமாக இருக்கும், டிஸ்கும் மிச்சம். எல்லாரும் இதைச் செய்ய வேண்டும்.

பதில்: டிஸ்க் ஒரு எம்பி கூட மிச்சமாகாது. திரையில் கிளிப்தான் வெட்டப்படுகிறது, வேவ் முழுசாகக் கிடக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு மோனோ ட்ராக்குக்கு மணிக்கு 518 எம்பி; எட்டு ட்ராக், மூன்று மணி நேரம், சுமார் 12.4 ஜிபி. நீங்கள் எவ்வளவு வெட்டினாலும் அதேதான்.

மேளத்தில் இப்படி வெட்டக்கூடாது. தவில் சும்மா இருக்கும்போது தவில் மைக்கில் இருப்பது காலி இடம் இல்லை, நாதஸ்வரத்தின் கசிவு. அதை வெட்டினால் தவில் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் நாதஸ்வரத்தின் நிறம் மாறும், நிறுத்தினால் மறுபடி மாறும். மார்பிள் தரை, தேக்குத் தூண், உயரமான கூரை உள்ள வளவு வீட்டுக் கூடத்தில் இது இன்னும் பச்சையாகக் காதில் விழும்.

கோட்டையூர்: எட்டு மைக்கும் திறந்தே கிடந்தால் ஃபேன் இரைச்சலும் எட்டு மடங்கு வருமே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நியாயமான கேள்வி. ஒரே அளவு இரைச்சல் உள்ள மைக் இரண்டானால் 3 டெசிபல் கூடும், நாலானால் 6, எட்டானால் 9. அதனால்தான் பட்டிமன்றத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். நடுவர், அணிக்கு மூன்று பேர், ஆக ஏழு மைக், ஒரு நேரத்தில் பேசுவது ஒருவர்தான். அங்கேயும் வெட்டி எறியாதீர்கள். பேசாத மைக்கை வால்யூம் என்வலப்பில் (சத்தத்தை இடத்துக்கு இடம் ஏற்றி இறக்கும் கோடு) 15 டெசிபல் இறக்குங்கள், ஏறவும் இறங்கவும் கால் செகண்ட் கொடுங்கள். எதிரணிக்காரர் குறுக்கே ஒரு வார்த்தை போடுவார், சபை சிரிக்கும். வெட்டியிருந்தால் எதற்குச் சிரித்தார்கள் என்றே தெரியாது.

குன்றக்குடி: நான் கேட் (சத்தம் குறைந்ததும் மைக்கைத் தானாக மூடுவது) போடுகிறேன், வெட்டுவதை விட அதுதானே மேல்?

பதில்: கேட் என்பது தானாக வெட்டும் கத்தரிக்கோல். கோட்டையூர்க்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். முழுசாக மூடாமல் 10 டெசிபல் மட்டும் இறங்கும்படி வைத்தால் பட்டிமன்றத்துக்கு ஆகும், மேளத்துக்கு ஆகாது.

கண்டனூர்: பணம் கட்டாமல் எந்த சாஃப்ட்வேர்...

பதில்: பள்ளத்தூருக்குச் சொன்ன பதில் மேலே இருக்கிறது.

ஆத்தங்குடி: மேடையில் ஒரு ரெக்கார்டர், கூடத்தில் ஒன்று. தொடக்கம் பொருந்துகிறது, மூன்றாம் மணி நேரத்தில் எதிரொலி மாதிரி ஆகிறது.

பதில்: இரண்டு கருவியின் கடிகாரமும் துளி வித்தியாசமாக ஓடுகின்றன. தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல், முடிவில் ஒன்று எடுத்திருந்தால் சுலபம். மேடை ட்ராக்கில் இரண்டுக்கும் நடுவே 10,800 செகண்ட், கூட ட்ராக்கில் 10,800.4 என்றால் கூட ட்ராக்கின் பிளேரேட்டை (ஓடும் வேகம்) 1.000037 ஆக்குங்கள், சுருதி காக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். நடுவில் வெட்டி வெட்டி நகர்த்தாதீர்கள். கூடத்து மைக் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் 29 மில்லிசெகண்ட் தாமதம் இயல்பு, அதுதான் கூடத்தின் ஆழம். அதையும் இழுத்து ஒட்டவைக்க வேண்டியதில்லை.

எட்டு சதவீதம் மெதுவாகவும் சுருதி இறங்கியும் கேட்டால் அது கடிகாரம் இல்லை; 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததை 44.1 என்று நினைத்துத் திறந்திருக்கிறீர்கள்.

திருப்பத்தூர்: ப்ராஜெக்டை நண்பருக்கு அனுப்பினேன், அவருக்கு எல்லா ட்ராக்கும் காலி.

பதில்: ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் சத்தம் இல்லை. ரீப்பரில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது மீடியாவை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு நகலெடுக்கும் டிக்கைப் போட்டு, முழு ஃபோல்டரையும் அனுப்புங்கள். ஆடாசிட்டியின் ஏயூபி3 ப்ராஜெக்ட், சத்தமும் சேர்ந்த ஒரே கோப்பு, அது போதும்.

அப்படியே ஒன்று: ரீப்பரின் "கிளீன் கரன்ட் ப்ராஜெக்ட் டைரக்டரி" இந்த ப்ராஜெக்ட் தொடாத கோப்புகளையெல்லாம் அழிக்கக் காட்டும். ஒரே ஃபோல்டரில் நிச்சயதார்த்தமும் கல்யாணமும் தனித்தனி ப்ராஜெக்டாக இருந்தால், ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றதன் அசல் போய்விடும். ஒரு விசேஷத்துக்கு ஒரு ஃபோல்டர்.

காரைக்குடி: கூடத்து எதிரொலியை எடுக்க ஏதாவது ப்ளகின்?

பதில்: அது ட்ராக் விஷயம் இல்லை. அடுத்த தடவை மைக்கைக் கிட்டே வையுங்கள்.

கோட்டையூர்: பழைய மேளம் ஒன்றில் வெட்டியதையெல்லாம் திரும்ப இழுத்து விரித்துப் பார்த்தேன். நாதஸ்வரம் தேவலாம். ஆனால் தாள மைக்கில் சமையல்காரர் சத்தம் கேட்கிறது.

பதில்: அந்த இடத்தை மட்டும் என்வலப்பில் இறக்குங்கள். வெட்ட வேண்டாம்.