சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்புக்கும் நூலகத்துக்கும் என்ன வரலாறு? சட்டம் படிப்பவருக்கு இன்னும் நூலகம் தேவையா?

கேட்டவர் இந்த ஆண்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்திருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். தீர்ப்புகள் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் முப்பது ஆண்டுகளாக ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்துகிறவள். இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கடந்துபோக மனம் வரவில்லை.

முதலில் வரலாறு. பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. சட்டத்துக்கெனத் தனிக் கல்லூரி அப்போது இல்லை. மாநிலக் கல்லூரியை ஒட்டி வகுப்புகள் நடந்தன. 1891இல்தான் மெட்ராஸ் சட்டக் கல்லூரி பிறந்தது. நாங்கள் எம்.எல்.ஜே. என்று சொல்லும், தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் மெட்ராஸ் லா ஜர்னல் இதழும் அதே ஆண்டில் தொடங்கியதுதான். உயர் நீதிமன்ற வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த செங்கல் கட்டடத்துக்குக் கல்லூரி 1899இல் வந்தது. அந்த இடம் பழைய ஆங்கிலேயர் இடுகாடு. கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின், சிறு வயதிலேயே இறந்த மகனுடைய கல்லறை அங்கேதான் இருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அந்தத் தகப்பனின் பெயரைத் தாங்கியது என்று தெரிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1928இல் பி. ஆனந்தபாய், மெட்ராஸில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண், படித்து வெளியே வந்த கல்லூரியும் இதுதான். கறுப்பு அங்கி அணியும் தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லாரும் அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1990இல் கல்லூரிக்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. 1997இல் சட்டத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வந்ததும் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இருந்த இணைப்பு முடிந்தது. 2018இல் வகுப்புகள் நகரத்துக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போய்விட்டன.

நூலகத்தின் கதை எனக்கு இதைவிட நெருக்கமானது. 1907இல் தொடங்கிய பல்கலைக்கழக நூலகம் நெடுங்காலம் கன்னிமரா நூலகக் கட்டடத்தில்தான் ஒண்டியிருந்தது. 1924இல் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் நூலகராக வந்தார். கணித ஆசிரியராக இருந்தவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பியவர், அலமாரிகளைத் திறந்து விட்டார். வாசகர் உள்ளே போய்த் தன் கையால் நூலை எடுக்கலாம் என்ற நிலை வந்தது. நூலக அறிவியலுக்கு அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க அவர் வகுத்து 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் சட்டத்துக்குக் கடைசி எழுத்தான 'இசட்' கிடைத்தது. 1936 செப்டம்பரில் கடற்கரைச் சாலையில் நூலகத்துக்கென்றே கட்டடம் திறந்தார்கள்.

நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதைப் படிக்கும்போது, அதைக்கூடவா ஒருவர் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றாது. நான் படித்த அரசு சட்டக் கல்லூரியில், பெயர் வேண்டாம், தீர்ப்புத் திரட்டுகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. முதுகில் தங்க எழுத்து மின்னும், வெளியே நின்று பார்க்கலாம். சாவி வைத்திருந்தவர் பெரும்பாலும் விடுப்பில் இருப்பார். கேட்டால், உங்களுக்குத் தேர்வுக்கு வழிகாட்டி நூல் போதாதா என்பார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு தீர்ப்பைக்கூட முழுதாகப் படிக்காமல் பட்டம் வாங்கினேன். அந்த ஆற்றாமை இன்னும் எனக்குப் போகவில்லை.

ஜூனியராக இருந்தபோது ஒரு வழக்கு வந்தது. கட்சிக்காரர் வயதான விதவை. 1940களில் கணவரின் அண்ணன் இரண்டு ஏக்கர் நிலத்தை ஜீவனாம்சத்துக்காக எழுதிக் கொடுத்திருந்தார். ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது என்று நிபந்தனை. அந்த அம்மா நிலத்தை மகளுக்கு எழுதி வைத்துவிட்டார். அண்ணனின் பேரன்கள் வழக்குப் போட்டார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்பதுதான் முழு வழக்கும். அவருக்கு ஏற்கெனவே இருந்த ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக நிலம் வந்திருந்தால் முழு உரிமை. பத்திரம்தான் முதன்முதலாக உரிமை கொடுத்தது என்றால் நிபந்தனை நிற்கும். எதிர்த்தரப்பில் பழைய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் தலைக்குறிப்பை, அதாவது தொகுப்பாசிரியர் தீர்ப்புக்கு மேலே போடும் சுருக்கத்தை, காட்டினார்கள்: மருமகளுக்குச் சட்டப்படி ஜீவனாம்ச உரிமை கிடையாது என்று ஒரே வரி.

என் சீனியர் சொன்னது இவ்வளவுதான்: "முழுத் தீர்ப்பையும் படித்துவிட்டு வாம்மா." எங்கள் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் அந்தத் தொகுதியே இல்லை. இரவு பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். சீனியர் கொடுத்த கடிதத்தைக் காட்டிப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த ஊழியர் எழுந்துகூட வரவில்லை. "இசட் வரிசைக்குப் போங்கள், அங்கேயே உட்கார்ந்து பாருங்கள்" என்றார். பூட்டு இல்லை, சாவி இல்லை. அலமாரியிலிருந்து அந்தத் தடித்த தொகுதியை நானே இழுத்து எடுத்தேன். தாள் பழுத்து ஓரம் உதிர்ந்தது. நகல் எடுக்கத் துணிவு வராமல் கையால் எழுதத் தொடங்கினேன்.

ஏழாவது பக்கத்தில் இருந்தது. அந்த வழக்கில் சொத்து மாமனாரின் சுயார்ஜிதம், அவரே சம்பாதித்தது. அதனால்தான் மருமகளுக்கு உரிமை இல்லை என்கிறார் நீதிபதி. கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்திருந்தால் நிலைமை வேறு என்று அடுத்த பத்தியிலேயே எழுதியிருக்கிறார். தலைக்குறிப்பு எழுதியவர் அதை விட்டுவிட்டார். எங்கள் நிலம் கூட்டுக் குடும்பச் சொத்து.

வாதத்தின்போது அந்தப் பத்தியைச் சீனியர் வாசிக்கவில்லை. என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார். ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக வந்த சொத்து விதவைக்கு முழு உரிமையாகும் என்று துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னதையும் சேர்த்து வைத்தோம். நிலம் அந்த அம்மாவின் மகளுக்கே நின்றது.

இப்போது இணையத்தில் தேடினால் இரண்டு நிமிடத்தில் கிடைக்குமே என்று பின்னூட்டம் வரும். கிடைக்கும், நானும் தினமும் தேடுகிறேன். கணினிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் தேடியதும் முதலில் வந்து நிற்பது இன்றைக்கும் அந்தத் தலைக்குறிப்புதான். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். எந்தத் தீர்ப்பு என்று கேட்காதீர்கள், கட்சிக்காரர் குடும்பம் அடையாளம் தெரிந்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த நாட்களில் எங்கள் நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்கெனக் கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடிக்காமல் காலையிலிருந்து மாலை வரை இருப்போம். சங்க நூலகத்தில் பெண்கள் உட்கார்ந்து படிப்பதில்லை என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். எப்படி உட்காருவது? சிறுநீரகக் கல்லோடு இருபத்தெட்டு வயதில் மருத்துவமனையில் படுத்தவள் நான். கல்லூரியோ நீதிமன்றமோ, நூலகம் கட்டுகிறவர்கள் பெண்களுக்கான கழிப்பறையையும் சேர்த்து வரைபடத்தில் போடுங்கள்.

நீங்கள் புதுப்பாக்கத்தில் சேர்ந்திருந்தாலும் பட்டறைப்பெரும்புதூரில் சேர்ந்திருந்தாலும் ஒரு நாள் கடற்கரைச் சாலைக்குப் போய்வாருங்கள். உள்ளே விட என்ன கடிதம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டி நூலில் இரண்டு வரியில் படித்த ஏதாவது ஒரு பழைய வழக்கைக் குறித்து எடுத்துப் போய், முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.