ஒருவர் வாசிப்பைக் காப்பி எடுக்கும்போது கை எங்கே வழி மாறுகிறது?

கேள்வி: எனக்கு வயது 23. மூன்று வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் பேஸ் வாசித்தவர் விலகிவிட்டதால் எட்டு மாதத்துக்கு முன் பேஸ் கிட்டாரும் என் கைக்கு வந்தது. இப்போது இரண்டையும் தினமும் எடுக்கிறேன். கிட்டாரில் எதை வாசித்தாலும், நான் விரும்பிக் கேட்கும் ஒரு கலைஞரைப் போலவே இருக்கிறது என்கிறார்கள். பேஸ் எடுத்தாலோ, "நீ பேஸிலும் கிட்டார்தான் வாசிக்கிறாய்" என்கிறார் எங்கள் டிரம்மர். சின்ன விரல் வேறு எட்டவில்லை. இரண்டில் ஒன்றை விட்டுவிடட்டுமா? எனக்கென்று ஒரு பாணி எப்போது வரும்? கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: பேஸ் தந்திகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

இரண்டையும் தினமும் எடுக்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. ஒன்று வேண்டாம் என்றிருந்தால் இந்த எட்டு மாதத்தில் கை தானாகவே அதை மறந்திருக்கும். அதனால் எதையும் விட வேண்டாம்.

பேஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் டிரம்மர் சொன்னதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழுவில் பேஸோடு ஒட்டி வாசிப்பவர் அவர்தான், அவர் காதுக்கு அது முதலில் தெரிந்திருக்கிறது. பேஸின் நான்கு தந்திகளுக்கும் கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்கும் ஒரே பெயர்கள்: ஈ, ஏ, டி, ஜி. பேஸில் எல்லாம் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவுதான். அதனால் கிட்டார் தெரிந்த கை முதல் நாளே பேஸில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஸ்கேல் என்னும் ஸ்வர வரிசை தெரியும், இடம் தெரியும், விரல் வேகமாகப் போகும். அந்தச் சுலபத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிட்டாரில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை, அடித்துவிட்டு அப்படியே ஒலிக்க விடலாம், அழகாக இருக்கும். பேஸில் ஒரு நோட் (ஸ்வரம்) எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பேஸின் மிகத் தடித்த ஈ தந்தி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. அவ்வளவு கீழே இரண்டு தந்திகள் சேர்ந்து முனகினால், எந்த நோட் என்றே புரியாமல் எல்லாம் குழம்பிவிடும். அதனால் வாசிக்காத தந்திகளை அமைதியாக வைத்திருப்பது பேஸில் பாதி வேலை. வலக்கைக் கட்டைவிரலைத் தடித்த தந்தியில் சாய்த்து வையுங்கள், இடக்கையின் சும்மா இருக்கும் விரல்கள் மற்ற தந்திகளை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன், நான் இன்றும் செய்வது. தாளம் தட்டும் மெட்ரோனோமை மெதுவாக வையுங்கள். நாலு எண்ணிக்கைக்கு ஒரே ஒரு நோட். முதலில் அது நாலு எண்ணிக்கையும் முழுசாக ஒலித்து, அடுத்த ஒன்றில் சரியாக நிற்கட்டும். அப்புறம் மூன்று எண்ணிக்கை மட்டும் ஒலிக்க விடுங்கள், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நோட் மாறவில்லை, நீளம் மட்டும்தான் மாறியது. ஆனால் ஒவ்வொன்றும் வேறு பாட்டு மாதிரி கேட்கும். இதையே டிரம்மரோடு உட்கார்ந்து செய்யுங்கள். அவர் காலால் கிக் டிரம்மை மிதிக்கும்போது நீங்கள் தொடங்க வேண்டும், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் விழும்போது நிறுத்த வேண்டும். பத்து நிமிடம் போதும். அடுத்த முறை அவர் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டும் தெரிந்தவருக்குக் கிடைக்கும் ஒரு லாபத்தையும் சொல்ல வேண்டும். கிட்டாரில் சி மேஜர் கார்டை வாசித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில் இருப்பது சி, ஈ, ஜி. இப்போது அதன் அடியில் பேஸில் சி வாசியுங்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதே பதிவுக்கு அடியில் ஈ வாசியுங்கள். கார்டு அதேதான், ஆனால் எங்கேயோ கிளம்பத் தயாராக நிற்பது போலத் தோன்றும். அடுத்து ஏ. கிட்டாரில் ஒரு விரல்கூட நகரவில்லை, ஆனாலும் காதில் விழுவது இப்போது ஏ மைனர் செவன்த், ஏனென்றால் ஏ, சி, ஈ, ஜி சேர்ந்தால் அதுதான். ஒரே நோட்டில் பாட்டின் முகமே வாடிவிடுகிறது. முதன்முதலாக இதைக் கேட்ட அன்று நான் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். கார்டுக்குப் பெயர் வைப்பது நான்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அடியில் இருப்பவரும் சேர்ந்துதான் பெயர் வைக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு உங்கள் கிட்டார் வாசிப்பும் மாறும். அடியில் பேஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்லாமல், மெல்லிய தந்திகளில் இரண்டு மூன்று நோட்டோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும்.

சின்ன விரல் விஷயம். பெரும்பாலான பேஸ்களில் ஒலிக்கும் தந்தியின் நீளம் 34 அங்குலம், கிட்டாரில் 25 அங்குலத்தை ஒட்டி. அதனால் தலைப்பக்கத்து முதல் சில ஃப்ரெட்கள் (கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டங்கள்) நன்றாகவே அகலம். அங்கே ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று விரித்து வதைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலும் சின்ன விரலும் சேர்ந்து ஒரு விரலாக: மூன்று ஃப்ரெட்களுக்கு இது போதும். நிற்க வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸ் வாசிப்பவர்கள் காலகாலமாகச் செய்யும் முறை இது. ஐந்தாம் ஃப்ரெட்டைத் தாண்டியதும் நான்கு விரல்களையும் விரித்துக்கொள்ளலாம். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். விரல் நுனி காய்த்துப்போவது வேறு, மூட்டு வலிப்பது வேறு. இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கவே கூடாது.

சரி, பாணி.

"அவரைப் போலவே இருக்கிறது" என்று சொல்கிறார்கள் என்றால், ஒருவரை அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். காப்பி எடுப்பது பாவமில்லை. பாதியோடு நிறுத்திவிடுவதுதான் பிரச்சினை. அவருடைய எட்டு பார்களை (தாளச் சுற்றுகளை) எடுத்து, நோட் மட்டுமல்ல, தந்தியை இழுக்கும் அளவு, இடையில் விடும் மூச்சு, பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) படும் கோணம் வரை அப்படியே எடுங்கள். பிறகு மூலத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை அதே எட்டு பார்களை நினைவிலிருந்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். நாலு வாரம் கழித்து நாலு பதிவுகளையும் மூலத்தோடு வரிசையாக வைத்துக் கேளுங்கள். எங்கே நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விலகியிருக்கிறீர்கள்? அந்த இடத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். உங்கள் பாணி தலை காட்டும் இடம் அது.

இதை என் அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். ஒரு சோலோவை (தனி வாசிப்பை) மாதக்கணக்கில் பழகிக்கொண்டிருந்தேன். அதில் தந்தியை இழுத்து மேல் நோட்டைத் தொடும் ஓர் இடம். நான் ஒவ்வொரு முறையும் இழுக்காமல் கீழிருந்து சறுக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். தப்பு என்று நினைத்து, இழுப்பதை மட்டும் தனியாகப் பழகினேன். நன்றாகவே வந்துவிட்டது. ஆனாலும் முழுசாக வாசிக்கும்போது கை சறுக்கலுக்கே போயிற்று. கூட வாசித்த நண்பர் ஒருவர், "அங்கே மட்டும்தான் நீ பேசுகிற மாதிரி இருக்கிறது, அதை ஏன் திருத்துகிறாய்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பிடிபட்ட கணக்கு இது: மூலத்தில் இருப்பது போல வாசிக்கவே முடியாமல் விலகினால் அது குறை, உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். அப்படியும் வாசிக்க முடியும், ஆனால் மனசு இன்னொரு வழியில் போகிறது என்றால் அது உங்களுடையது. தாளம் தவறுவதை மட்டும் இந்த இரண்டாவது கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது எப்போதும் முதல் கணக்குதான்.

முடியவே முடியாத குறைகளும் உண்டு, அவற்றிலிருந்தும் பாணி பிறந்திருக்கிறது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928இல் நடந்த தீ விபத்தில் இடக்கையின் மோதிர விரலும் சின்ன விரலும் ஏறக்குறைய செயலிழந்தன. மீதி இரண்டு விரல்களிலேயே சோலோக்களை வாசித்தார். அவருடைய சோலோக்கள் தந்திகளின் குறுக்கே போவதைவிடக் கழுத்தின் நெடுக அதிகம் ஓடுவதற்கு அந்த இரண்டு விரல்களும் ஒரு காரணம். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங், தன் உறவினர் புக்கா வைட்டின் ஸ்லைடு கிட்டார் (தந்தி மேல் ஒரு குழாயைச் சறுக்கி வாசிப்பது) ஒலியில் மயங்கியவர். ஸ்லைடு அவர் கைக்கு வரவில்லை. அந்த அழுகைச் சத்தத்தை வெறும் விரலை அதிர வைத்தே கொண்டுவரப் பார்த்தார். அதுதான் ஒரு நோட்டிலேயே அவரை அடையாளம் காட்டும் வைப்ரேட்டோ ஆனது. அவருக்கு வேண்டிய சத்தம் முதலில் காதில் இருந்தது. கை அதற்கு ஒரு வழியைத் தேடிக்கொண்டது. உங்கள் காதில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது கிட்டார் சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பேஸில் உங்களுக்கு நெருக்கமானவர் கேரல் கே. அவர் கிட்டாரிஸ்ட். 1960களின் முற்பகுதியில் ஒரு ஒலிப்பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வராததால் அந்த இடத்தில் உட்கார்ந்தார். உங்கள் கதைதான்! கிட்டாரில் பழகிய பிக்கை அவர் தூக்கிப் போடவில்லை. அந்தப் பிக் தந்த தெளிவான சத்தத்துக்காகவே அவரைத் தேடிவந்து கூப்பிட்டார்கள். ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து வந்தவர். அந்தப் பழக்கத்திலேயே வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தார். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களில் எத்தனையோ அந்த ஒரே விரலில் வந்தவை. லாரி கிரஹாம், தன் அம்மாவோடு சேர்ந்து வாசித்துவந்த சிறிய குழுவில் டிரம்மர் இல்லாமல் போனபோது, கிக் டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் தந்தியை அடித்தார், ஸ்னேருக்குப் பதில் இன்னொரு விரலால் தந்தியை இழுத்துவிட்டார். இன்று ஸ்லாப் என்று எல்லாரும் பழகுவது அப்படி வந்ததுதான். மூவரும் வந்த வழியை மறைக்கவில்லை. அதனால் நீங்களும் கிட்டார் வாசனையை முழுசாகக் கழுவிவிடாதீர்கள். பிக் பிடித்திருந்தால் பிக்கிலேயே வாசியுங்கள். கிட்டாரிலிருந்து பேஸுக்குக் கொண்டுவரக் கூடாதது ஒன்றே ஒன்று, காலி இடத்தைக் கண்டதும் நிரப்பும் ஆசை.

இன்னொன்று, ஒருவரை மட்டும் கேட்காதீர்கள். ஒருவரிடமிருந்து எடுத்தால் அவர் முகம் தெரியும். நாலு பேரிடமிருந்து எடுத்தால் அவை உங்களுக்குள்ளேயே கலந்துவிடும். அதில் இரண்டு பேராவது கிட்டார் வாசிக்காதவர்களாக இருக்கட்டும். ஒரு பாடகரின் நாலு வரியைக் கிட்டாரில் எடுங்கள். புல்லாங்குழலோ சாக்ஸஃபோனோ வாசிப்பவரை எடுங்கள். அவர்களுக்கு மூச்சு தீரும், அங்கே நின்றுதான் ஆக வேண்டும். நமக்கு மூச்சு தீராததால் நிற்காமல் வாசித்துக்கொண்டே போகிறோம். வாசிப்பதைக் கூடவே வாய்க்குள் பாடிப் பாருங்கள். வாயில் வராத வரி பெரும்பாலும் விரல் தன் பழக்கத்தில் ஓட்டியதாகத்தான் இருக்கும்.

பதிவுகளைக் கேட்கும்போது ஹெட்ஃபோன் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் பேஸின் அடி ஒலியை வெளியே தர முடியாது. அதில் கேட்டுவிட்டு, என் பேஸில் கனமே இல்லை என்று நம்பிக்கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி ஏமாறக் கூடாது.

பாணி எப்போது வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். தேதி சொல்ல முடியாது. ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தில் நாலைந்து இடங்கள் சேர்ந்ததும் ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். கிட்டாரில் குறித்ததும் பேஸில் குறித்ததும் ஒன்றுபோலவே இருப்பதைப் பார்ப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். நோட்டைக் கொஞ்சம் தாமதமாகத் தொடுவது, உயரே போனதும் சத்தத்தைக் குறைப்பது, இப்படி ஏதாவது. எனக்கு இரண்டிலும் சறுக்கல்தான் வந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அதை மட்டும் வைத்து ஒரு சின்ன மெட்டு போட்டுப் பாருங்கள், எட்டு பார் போதும். அதை டிரம்மரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். தெரிந்துகொள்ள உண்மையிலேயே ஆவலாக இருக்கிறேன்.

தந்திகளுக்கு மாதக் கணக்கு கிடையாது. ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றிய) தந்தி புதிதில் பளீரென்று ஒலிக்கும், வாசிக்க வாசிக்க மங்கும். அந்தப் பளபளப்பு வேண்டும் என்றால் மங்கியதும் மாற்றுங்கள். ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) முதலிலிருந்தே மென்மையாக ஒலிக்கும், வருடக்கணக்கில் விட்டுவிடலாம். ஜேமர்சன் தந்தி அறுந்தால்தான் மாற்றுவார் என்பது பேஸ் வாசிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. டியூனிங் நிற்காமல் போனாலோ, 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வரும் நோட், அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கோடு முன்புபோலச் சேராமல் போனாலோ தந்தி தேய்ந்திருக்கலாம், அப்போது மாற்றுங்கள். மாற்றும்போது நான்கையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள்.