கறி மட்டும் தின்று ஓராண்டு: 1928ஆம் ஆண்டு ஆய்வை எப்படிப் படிப்பது?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மூன்று வாரமாகத் தோல் உரித்த கோழிக்கறியும் கொஞ்சம் முட்டையும் தவிர எதையும் தொடுவதில்லை. கேட்டால், "ஆர்க்டிக் போன ஒருத்தர் ஒரு வருஷம் கறி மட்டும் தின்னு ஆஸ்பத்திரியிலேயே நிரூபிச்சிருக்கார்" என்கிறான். இது உண்மையா? நானே தேடிப் படித்துப் பார்க்க முடியுமா?

பதில்: உண்மைதான். அவர் பெயர் வில்ஜால்மர் ஸ்டெஃபான்சன். கனடாவில் பிறந்தவர், ஐஸ்லாந்துப் பூர்வீகம். வடதுருவப் பகுதியில் அங்குள்ள பூர்வகுடிகளான இன்யூட் மக்களோடு ஆண்டுக்கணக்கில் தங்கி, அவர்கள் தின்ற மீனையும் கறியையுமே தின்றவர். காய்கனி இல்லாமலும் நன்றாக வாழலாம் என்று திரும்பி வந்து சொன்னபோது பலர் நம்பவில்லை. அதனால் 1928இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் அவரும், ஆர்க்டிக்கில் உடனிருந்த கார்ஸ்டன் ஆண்டர்சனும் மருத்துவர்களின் கண்காணிப்பில் ஓராண்டு கறியுணவில் இருந்தார்கள். முதல் சில வாரம் வார்டிலேயே இருந்தார்கள். அப்புறம் வெளியில் இருந்தபடி பரிசோதனைக்கு வந்துபோனார்கள். மெக்லெலன், டுபாய்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1930இல் 'ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி' இதழில் இதை எழுதினார்கள். இருவருக்கும் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைந்தால் வரும் நோய்) வரவில்லை, சிறுநீரகம் கெடவில்லை, ரத்த அழுத்தம் ஏறவில்லை.

இதுவரை தம்பி சொல்வது சரி. இனி அந்தக் கட்டுரையை நீங்களே திறந்து பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எடுத்த எடுப்பில் முடிவுரைக்குப் போய்விடாதீர்கள். தட்டில் என்ன இருந்தது என்று சொல்லும் பகுதியைத் தேடுங்கள். எந்த உணவு ஆய்வானாலும் நான் முதலில் படிப்பது அதைத்தான்.

மாடு, ஆடு, கன்று, பன்றி, கோழி எல்லாம் இருந்தன. தசைக்கறியோடு ஈரல், சிறுநீரகம், மூளை, எலும்பு மஜ்ஜை, தனிக் கொழுப்பு எல்லாம் சாப்பிட்டிருக்கிறார்கள். நாளுக்குப் புரதம் சுமார் 100 முதல் 140 கிராம், கொழுப்பு 200 முதல் 300 கிராம். அதாவது கலோரியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் கொழுப்பிலிருந்தே வந்தது. ஊர் உலகம் 'கறி டயட்' என்று பேசும் இந்த ஆய்வு, உண்மையில் ஒரு கொழுப்பு டயட்.

இதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தம்பிக்கு அவசியம் காட்டுங்கள். தொடக்கத்தில் மருத்துவர்கள் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய கறியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாளே குமட்டல், வயிற்றுப்போக்கு. கொழுப்பைச் சேர்த்ததும் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. புரதத்தைப் பிரித்து அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக மாற்றும் வேலையைக் கல்லீரல் ஓரளவுக்குத்தான் செய்ய முடியும். முயலைப் போலக் கொழுப்பே இல்லாத கறியை மட்டும் தின்று வாடுவதை வடபகுதி வேட்டைக்காரர்கள் 'முயல் பட்டினி' என்றே சொல்வார்கள்.

இப்போது தம்பியின் தட்டைப் பாருங்கள். தோல் உரித்த பிராய்லர் நெஞ்சுக்கறி, வெந்தது, 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். புரதம் சுமார் 31 கிராம், கொழுப்பு 4 கிராமுக்கும் குறைவு. கலோரியில் கொழுப்பின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். ஸ்டெஃபான்சனைப் படுக்க வைத்த தட்டுக்குத்தான் இது நெருக்கம். ஓராண்டு தாங்கிய தட்டுக்கு அல்ல. முட்டை கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுதான்.

ஸ்கர்வி ஏன் வரவில்லை என்பதும் தட்டிலேயே இருக்கிறது. புதிய பச்சைக் கறியில் வைட்டமின் சி கொஞ்சம் உண்டு, ஈரலிலும் மூளையிலும் கூடுதலாக உண்டு. பெல்வியூவில் கறியை லேசாகத்தான் வேகவைத்தார்கள். இன்யூட் மக்கள் திமிங்கிலத் தோலைப் பச்சையாகவே தின்பார்கள். அதில் வைட்டமின் சி நன்றாகவே இருக்கிறது. குக்கரில் ஏழு விசில் விட்ட கறியில் என்ன மிஞ்சும்?

அடுத்து, ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். இரண்டே பேர், ஒரே வருடம். பணம் கொடுத்தது அமெரிக்க இறைச்சி நிறுவனங்களின் சங்கம். அதனால் அளவீடுகள் பொய் என்று சொல்ல மாட்டேன், கவனமாகவே அளந்திருக்கிறார்கள். ஆனால் இருபது வருடம் கழித்து இதயக் குழாய் எப்படி இருக்கும் என்று ஓராண்டு ஆய்வால் சொல்ல முடியாது. இன்யூட்டுகளுக்கு மாரடைப்பே வராது என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்கு கிரீன்லாந்து மம்மிகளை சி.டி. ஸ்கேன் செய்த ஆய்வு 2019இல் வந்தது. மூன்று உடல்களில் ரத்தக்குழாய்த் தடிப்பின் அடையாளம் இருந்தது. போதாததற்கு, கொழுப்பைக் கையாளும் மரபணுக்களிலேயே அவர்களுக்குத் தனி மாற்றங்கள் உண்டு.

இக்காலச் சான்று வேண்டுமா? கறியுணவுக்காரர்கள் 2,029 பேரிடம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கேட்டுத் தொகுத்த கருத்தாய்வு 2021இல் வந்தது. பெரும்பாலோர் திருப்தியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் சமூக ஊடகத்தில் அழைத்துச் சேர்த்தவர்கள், அவர்களே சொன்ன பதில்கள். ஒத்துக்கொள்ளாமல் பாதியில் விட்டவர்கள் இதில் வர வாய்ப்புக் குறைவு. ரத்த முடிவைத் தந்தவர்களின் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) இடைநிலை அளவு டெசிலிட்டருக்கு 172 மில்லிகிராம். இது சாதாரணமாக விட்டுவிடும் எண் இல்லை.

தம்பியோடு சண்டை போடாதீர்கள். கட்டுரையின் உணவுப் பகுதியை அச்செடுத்துக் கொடுங்கள். இந்த வாரமே எல்.டி.எல்., கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது), யூரிக் ஆசிட் பார்க்கச் சொல்லுங்கள், மூன்று மாதத்தில் மறுபடியும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் சில மருந்துகளில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். வேறு சிலவற்றில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும். மருந்துச் சீட்டோடு இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.