கேளுங்கோ, சொல்லுறம்: எங்கட ஒழுங்கை லைற்றுக்கு ஆர் பொறுப்பு?

இந்தமுறை வந்த கடிதங்களில பாதிக்கு மேல சபை, ரோட்டு, லைற், மாடு எண்டு தான் கிடக்கு. அதால சினிமாக் கேள்வி, சாத்திரக் கேள்வி எல்லாத்தையும் ஒதுக்கி வைச்சிட்டு எங்கட கிளிநொச்சி ஊர்க்கதையை மட்டும் எடுத்திருக்கிறன், மற்றவை கோவிக்காதேங்கோ.

எங்கட ஒழுங்கை முகப்பில இருக்கிற லைற் செத்து நாலு மாசம். விதானையாரிட்ட (கிராம அலுவலர்) சொன்னால் சபையில கேளுங்கோ எண்டுறார். சபைக்குப் போன் எடுத்தால் கரண்ட் ஒபிசில கேளுங்கோ எண்டினம். அங்க போனால் போஸ்ற் தான் எங்கட, லைற் சபையின்ர எண்டினம். மகள் ரியூசன் முடிஞ்சு ஏழு மணிக்கு வாறவள். (பேர், ஊர் போடவேண்டாம்)

அக்கா, கரண்ட் ஒபிஸ்காரர் சொன்னது தான் சரி. கம்பமும் கம்பியும் கரண்ட் ஒபிசின்ர, தெரு லைற் போடுறதும் திருத்துறதும் உள்ளூராட்சி சபையின்ர வேலை. விதானையாருக்கு இதில ஒண்டுமில்லை, அவர் பாவம்.

ஆனால் போனில சொன்னால் காத்தோட போயிடும். கம்பத்தில நம்பர் அடிச்சிருக்கும், அதைக் குறிச்சுக்கொள்ளுங்கோ, அழிஞ்சு போயிருந்தால் பக்கத்து வீட்டுக் கரண்ட் பில்லில இருக்கிற இலக்கத்தைப் போடலாம். தவிசாளருக்கு ஒரு கடிதம், செயலாளருக்கும் உங்கட வட்டார உறுப்பினருக்கும் பிரதி. கையோட கொண்டுபோய்க் குடுத்து, உங்கட கொப்பியில திகதியோட சீல் அடிச்சு வாங்குங்கோ. அந்தச் சீல் இல்லாட்டி நீங்கள் கடிதமே குடுக்கேல்லை எண்டு தான் அர்த்தம்.

என்ர சொந்தக் கதை ஒண்டு சொல்லவேணும். எங்கட ஒழுங்கை லைற் முதல்ல பகலிரவா எரிஞ்சது, பேந்து ஒரேயடியா நிண்டிட்டுது. நானும் மூண்டு தரம் போன் எடுத்து பல்பு போச்சு பல்பு போச்சு எண்டு கத்தினன், ஒருத்தரும் வரேல்லை. கடிதம் குடுத்துப் பத்து நாளில ரெண்டு பொடியள் ஏணியோட வந்தாங்கள், மேல ஏறின பொடியன் ஒரு மண்ணுருண்டையைத் தட்டிக் கீழ விழுத்தினான், பாத்தால் குளவிக்கூடு. லைற்றுக்கு மேல வெளிச்சத்தைப் பாத்து தானா நிப்பாட்டுற சின்னக் கண் ஒண்டு இருக்கல்லோ, அதை குளவி மண் வைச்சு மூடிப்போட்டுது. அதுக்கு எப்பவும் இருட்டு, எரிஞ்சு எரிஞ்சு கடைசியில பல்பும் போச்சு. பகலில எரியிற லைற்றைக் கண்டால் அப்பவே சொல்லுங்கோ எண்டு அந்தப் பொடியன் சொல்லிப்போட்டுப் போனான். நாங்கள் ஆர் பகலில அண்ணாந்து பாக்கிறம்?

நான் கண்டாவளைப் பக்கம். எனக்குப் பிரதேச செயலகம் கண்டாவளை, பிரதேச சபை மட்டும் கரைச்சி எண்டினம். இது என்ன கூத்து?

கூத்து இல்லை தம்பி, கணக்கு தான் அப்பிடி. கிளிநொச்சி மாவட்டத்தில பிரதேச செயலகம் நாலு இருக்கு: கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி. பிரதேச சபை மூண்டு தான், கண்டாவளைக்கெண்டு தனிச் சபை இல்லை, கரைச்சிக்குள்ள தான் வருது. கிளிநொச்சி ரவுணுக்கும் நகர சபை இல்லை, அதுவும் கரைச்சிப் பிரதேச சபை தான். 1984ல யாழ்ப்பாணத்தில இருந்து பிரிச்சுத் தனி மாவட்டமாக்கினது, கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) கோட்டும் ஆஸ்பத்திரியும் கட்டியாச்சு, ஆனா ரவுண் இன்னும் பிரதேச சபைக்குள்ள. அங்கால வவுனியாவைப் பாருங்கோ, நகர சபையா இருந்தது மாநகர சபையாகி 2025 தேர்தலோட மேயரும் வந்திட்டார். இதைக் கேட்டு எங்கட சனம் பெருமூச்சு விடும், எனக்கு அதில பெரிய அவசரமில்லை. ரவுணைத் தனியப் பிரிச்சால் கடை வருமானமெல்லாம் அதோட போயிடும், மிச்சம் இருக்கிற கிராமங்களின்ர ரோட்டைப் போடுறது ஆர் எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை.

இனி செயலகத்துக்கும் சபைக்கும் என்ன வித்தியாசம் எண்டு கன பேருக்குத் தெரியாது, படிச்ச ஆக்களே மாறித் தான் போகினம். செயலகம் கொழும்பு அரசாங்கத்தின்ர கை. காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு, அஸ்வெசும உதவிப்பணம், விதானையாரின்ர கடிதம் எல்லாம் அங்க. சபை 1987ம் ஆண்டின் 15ம் இலக்கச் சட்டத்தில வந்தது, வோட்டுப் போட்டுத் தெரியிற ஆக்கள் இருக்கிற இடம். குப்பை, உள்ரோட்டு, தெரு லைற், சந்தை, லைப்ரரி, சுடலை, வீடு கட்ட அனுமதி, கடை லைசென்ஸ் இதுகள் அங்க. செயலகத்தில ஒருத்தரையும் நீங்கள் மாத்த ஏலாது, சபையில மாத்தலாம்.

எங்கட ஊர் ரோட்டை ஏன் ஒருத்தரும் திருத்தீனம் இல்லை? எலெக்ஷன் நேரம் அளந்துகொண்டு போனவை.

அளக்கிறதுக்குக் காசு செலவில்லைத் தானே.

முதல்ல ரோட்டு ஆரின்ர எண்டு கண்டுபிடிக்கவேணும். ஏ9 மாதிரிப் பெரிய ரோட்டுகள், ஏ, பி எண்டு எழுத்து வாறதுகள், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அடுத்த தரத்து ரோட்டுகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச உள்ரோட்டு ஒழுங்கையெல்லாம் பிரதேச சபை. இது எல்லா இடத்திலையும் இருக்கிற கணக்கு. எங்கட பக்கம் இன்னொரு சொந்தக்காரர் இருக்கிறார், அவரை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை: நீர்ப்பாசனத் திணைக்களம். இரணைமடுக் குளத்தில இருந்து வாற வாய்க்கால் கட்டு வழிய நாங்கள் சைக்கிள் ஓடி, பேந்து மோட்டர் சைக்கிள் ஓடி, இப்ப மண் ஏத்தின ரிப்பரும் ஓடுது, அதை ரோட்டு எண்டு நினைக்கிறம், ஆனா அது வாய்க்காலுக்குக் கட்டின கட்டு. சபைக்காரர் தன்ர பாட்டில தார் ஊத்த ஏலாது, திணைக்களம் சம்மதிக்கவேணும். உங்கட கடிதத்தை ரெண்டாம் தரம் வாசிச்சன், "வாய்க்கால் கரையோட போற ரோட்டு" எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். அப்ப நீங்கள் இவ்வளவு காலமும் தட்டினது பிழையான கதவு. கமக்காரர் அமைப்பையும் சேத்துக்கொண்டு நீர்ப்பாசனப் பொறியியலாளரிட்டப் போங்கோ, கமக்காரர் கேட்டால் அங்க ஒரு மரியாதை இருக்கு.

இரவில ரோட்டு முழுக்க மாடு. போன மாசம் என்ர மச்சான் மோட்டர் சைக்கிளோட அடிபட்டுக் காலை முறிச்சவர். கட்டாக்காலி மாடுகளைச் சபை பிடிக்காதோ?

பிடிக்கும், பிடிச்சு அடைச்சுத் தண்டமும் அறவிடும், உரிமையாளர் வராட்டி ஏலத்திலையும் விடலாம். ஆனால் அறிவித்தல் போட்டு ரெண்டு நாளைக்கு மாட்டைக் காணக் கிடைக்காது, மூண்டாம் நாள் பழையபடி.

கட்டாக்காலி எண்டு நாங்கள் பேர் வைச்சாலும் அதுகளில முக்கால்வாசிக்குக் குறி இருக்கு. தொடையைப் பாருங்கோ, எழுத்துச் சுட்டிருக்கும், ஆரின்ர மாடெண்டு ஊருக்கே தெரியும். பேந்தேன் ரோட்டில நிக்குது? காலபோகம் (மாரி நெல் விதைப்பு) துடங்கேக்க பயிர்ச்செய்கைக் கூட்டத்தில ஒரு திகதி வைப்பினம், அதுக்குள்ள வயல்வெளியில நிக்கிற மாடெல்லாத்தையும் அப்புறப்படுத்தவேணும். முந்தி காட்டோரத் தரவைக்குக் கொண்டுபோவினம். இப்ப மேய்ச்சல் தரை சுருங்கிப் போச்சு, கொஞ்சம் வயலாச்சு, கொஞ்சம் குடியேற்றம், கொஞ்சத்துக்கு வன இலாகா கல்லுப் போட்டிட்டுது. வயலுக்குள்ளயும் நிக்க ஏலாது, காட்டுக்குள்ளயும் போக ஏலாது. மாரி மழைக்கு நிலமெல்லாம் சேறு, தார் ரோட்டு ஒண்டு தான் காய்ஞ்சு, வெயில் பட்ட சூடும் கொஞ்சம் இருக்கும், மாடு அதில தான் படுக்கும். மாட்டில பிழை சொல்ல ஏலாது.

தண்டம் வேணாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா மேய்ச்சல் தரைக்கு ஒரு முடிவு எடுக்காமல் வருசா வருசம் பிடிக்கிறது விடுறது எண்டு இருந்தால், மாரியில ஆஸ்பத்திரிக் கட்டில் நிரம்பிக்கொண்டு தான் இருக்கும். மச்சானுக்குக் கெதியாச் சுகம் வரட்டும். மாட்டுச் சொந்தக்காரர் ஆரும் இதை வாசிச்சால் கழுத்தில மின்னுற பட்டி ஒண்டாவது கட்டிவிடுங்கோ, கறுப்பு மாடு கறுப்பு ரோட்டில படுத்தால் லைற் வெளிச்சத்திலையும் தெரியாது.

சோலை வரி (வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டுற வரி) ஏன் கட்டவேணும்? எனக்கு ஒண்டும் செய்து தரேல்லையே.

கட்டாட்டிக் கேக்கிற உரிமையும் போயிடும் ஐயா. வருசம் முழுக்கக் கட்டவேண்டியதை ஜனவரி 31க்கு முதல் ஒண்டாக் கட்டினால் 10 வீதம் கழிவு இருக்கு, அதையாவது எடுங்கோ.

மாதர் சங்கத்தில இருக்கிறன். வாற முறை எலெக்ஷனில நில்லுங்கோ எண்டு ஒரு கட்சி கேக்குது. பெண்களுக்கு 25 வீதம் எண்டபடியால் தான் கேக்கினமோ எண்டு சந்தேகம்.

சந்தேகமே வேணாம் தங்கச்சி, அதுக்குத் தான் கேக்கினம். அதுக்காக வேணாமெண்டு சொல்லாதேங்கோ.

2018 பெப்ரவரி 10 தேர்தலில தான் இந்தப் புதுமுறை வந்தது. 60 வீதம் வட்டாரத்தில வெண்டு வாற ஆக்கள், 40 வீதம் கட்சிப் பட்டியல், சபையில நாலில ஒண்டு பெண்கள். அந்தச் சபையள் 2023 மார்ச்சோட முடிஞ்சு, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு மேல உறுப்பினரே இல்லாமல் செயலாளர்மார் தான் கொண்டு நடத்திச்சினம். நீங்கள் ஒரு விசயத்தை மட்டும் கறாராக் கேளுங்கோ: வட்டாரத்திலயோ, பட்டியலிலயோ? பட்டியலில பேரைப் போட்டிட்டு பிறகு "இன்னொராளுக்கு விட்டுக்குடுங்கோ" எண்டு வீட்ட வாற வழக்கமும் இருக்கு. மாதர் சங்கக் கணக்குப் புத்தகம் வடிவா எழுதத் தெரிஞ்ச ஆளுக்குச் சபை வரவுசெலவு விளங்காமல் போகாது. நில்லுங்கோ.

கோயில் திருவிழா எண்டு பத்து நாள் லவுட்ஸ்பீக்கர். பிள்ளை ஓ/எல் சோதினை எடுக்குது. சொன்னால் சாமிக்கு எதிரான ஆள் எண்டினம்.

இரவு 10 மணியில இருந்து காலமை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி போடக்கூடாதெண்டு 2007ல உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கு. மற்ற நேரத்துக்கும் பொலிஸ் அனுமதி எடுக்கவேணும். விசேச நாளுக்குத் தளர்வு குடுப்பினம். ஆனா பொலிசுக்குப் போக முதல் தர்மகர்த்தா சபையில பிள்ளையள் படிக்கிற ஒராளைப் பிடியுங்கோ. எங்கட பக்கம் அப்பிடித் தான் நடந்தது, குழாய் ஸ்பீக்கரைக் கழட்டிப்போட்டு உள்வீதிக்கு மட்டும் கேக்கிற பெட்டி வைச்சினம், நாதஸ்வரம் இன்னும் நல்லாக் கேட்டுது.

சபைக் கூட்டத்துக்குப் பொதுசனம் போகலாமோ?

போகலாம். மாசத்தில ஒருக்காவெண்டாலும் கூடவேணும், பாக்க வாறவைக்கு இடமும் இருக்கும், கதைக்க மட்டும் விடமாட்டினம். நான் ரெண்டு தரம் போனன். ஒரு தரம் ஒண்டரை மணித்தியாலம் ஆர் எந்தக் கதிரையில இருக்கிறது எண்டு சண்டை, குப்பை மேட்டுப் பிரச்சினைக்குக் கடைசியில எட்டு நிமிசம், மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு தான் இருந்தன்.

கணக்கு வேணுமெண்டால் தகவலறியும் சட்டம் இருக்கு, 2016ம் ஆண்டின் 12ம் இலக்கம். சபையில தகவல் அலுவலர் ஒருத்தர் இருக்கவேணும், அவரிட்ட எழுத்தில குடுங்கோ, 14 வேலை நாளுக்குள்ள தருவமோ இல்லையோ எண்டு சொல்லவேணும். ஏன் கேக்கிறியள் எண்டு அவர் கேக்கக்கூடாது. "ஊழல் நடந்ததா?" எண்டு கேட்டால் ஒரு மறுமொழியும் வராது. இன்ன ஒழுங்கைக்கு இன்ன வருசம் எவ்வளவு ஒதுக்கினது, ஆருக்குக் கொந்தராத்து, எவ்வளவு கட்டினது எண்டு கேளுங்கோ.

எங்கட சனசமூக நிலையம் பூட்டிக் கிடக்கு. பொடியள் நாங்கள் சேந்து திறக்கப்போறம். ஐடியா தாங்கோ.

பதிவு உயிரோட இருக்கோ எண்டு முதல்ல சபையில பாருங்கோ, செத்திருந்தால் கூட்டம் கூடி புது நிர்வாகம் தெரிஞ்சு புதுப்பிக்கவேணும், அது இல்லாட்டி சபையின்ர உதவியும் வராது. முதல் நாளே கரம்போட் வாங்காதேங்கோ, பேப்பர் போடுங்கோ. கிழடுகள் வரும், கிழடுகள் வந்தால் நிலையம் ஒழுங்காத் திறபடும். ஒக்டோபர் வாசிப்பு மாதம், லைப்ரரிக்காரர் போட்டியள் வைப்பினம், அவையோட சேந்து சின்னப் பிள்ளையளுக்குக் கதை சொல்லுறது ஒண்டு வையுங்கோ. பொங்கலுக்கு மாட்டுவண்டிச் சவாரி எண்டு எழுதியிருக்கிறியள், ஆசை நல்லது, ஆனா மேல மாட்டுக் கேள்வியை ஒருக்கா வாசியுங்கோ.

சபை லைப்ரரியில காலமை போனால் பேப்பரை நாலாப் பிரிச்சு நாலு பேர் வைச்சிருக்கினம். குறுக்கெழுத்துப் பக்கத்தை ஒரு ஆள் மடிச்சு மடியில வைச்சுக்கொண்டு பத்து மணி வரைக்கும் விடுறாரில்லை. இதுக்கு ஆரிட்ட முறையிடுறது?

நீங்கள் எந்த லைப்ரரி எண்டு எழுதேல்லை. கண்ணாடி போட்ட, நீலச் சைக்கிளில வாற ஆளெண்டால் இனி ஒன்பது மணிக்கு முதல் தந்திடுவன்.